டேப் அக்கா வாசிக்காத பத்திரிகை

எங்கள் பள்ளிக்கு ஐந்து டேப்லெட்டுகள் வந்தபோது நாங்கள் முதலில் செய்த காரியம் அவற்றை பீரோவில் வைத்துப் பூட்டியதுதான். உடைந்தால் யார் பதில் சொல்வது என்று தலைமை ஆசிரியருக்குக் கவலை. நல்ல மனிதர். ஆனால் சாக்பீஸைக்கூட எண்ணி வைப்பவர். மூன்று வாரம் கழித்து மேலிடத்திலிருந்து போன் வந்தது. உங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைகூட இன்னும் பாடத்தைத் திறக்கவில்லையே, என்ன விஷயம் என்று கேட்டார்கள். அவர் பீரோ சாவியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், இனிமே இது உங்க சோலி" என்றார்.

போடியிலிருந்து மேட்டுக்கு ஏறும் சாலையில், வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது பள்ளி. இரண்டு ஆசிரியர்கள், இருபத்து மூன்று பிள்ளைகள், ஒரே கூடம். பெற்றோரில் பாதிப்பேர் விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிறவர்கள். மீதிப்பேர் மலைமேலேயே தங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இறங்கி வருகிறவர்கள். நான் போடியிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். நான் சொல்லாவிட்டால் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

சாவி என் கைக்கு வந்த அதே வாரத்தில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். அவரும் கணவரும் கைக்குழந்தையும் மலைமேல் தோட்டத்து வீட்டில் இருந்தார்கள். பெண்ணை மட்டும் இங்கே அவளுடைய அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அந்த அம்மா உட்காரக்கூட இல்லை.

"டீச்சர், இவளுக்குப் படிப்பு ஏறுதா இல்லையா, நேராச் சொல்லுங்க. ஏறலைன்னா நான் மேல கூட்டிட்டுப் போயிர்றேன். சின்னவன வச்சுக்கிட்டுக் காயெடுக்க முடியல. இவ வந்தா அவனப் பாத்துக்கிருவா."

படிப்பு ஏறவில்லை என்பதுதான் நேரான பதில். அந்தப் பெண்ணுக்கு அ, ஆ தெரியும். இன்னும் ஏழெட்டு எழுத்துகளைப் பார்த்தால் எங்கோ பார்த்த முகம் என்று நினைப்பாள். மற்றதெல்லாம் திருவிழாக் கூட்டம். ஆனால் பேச்சில் படு சுட்டி. என்னைப் போல நடந்து காட்டுவாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், என் கண்ணில் காட்டியதில்லை. எட்டு வயதுப் பெண்ணைத் தொட்டிலாட்ட மலையேற்றி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"புது டேப்பு வந்திருக்கும்மா. ரெண்டு மாசம் பொறுங்க. பாருங்க, எப்படிப் படிக்கிறாள்னு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

டேப்பில் இருந்த பாடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம். ஒருவனுக்கு யானை, ஒருத்திக்குக் கிளி. தன் படத்தைத் தொட்டால் அவரவர் கணக்கு, அவரவர் வாசிப்பு திறக்கும். வாசிப்புப் பகுதியில் மேலே ஒரு காது படம் இருக்கும். அதைத் தொட்டால் ஒரு பெண் குரல் அந்த வரியை ஒருமுறை வாசித்துக் காட்டும். பிறகு பிள்ளை வாசிக்க வேண்டும். டேப் அதைக் காது கொடுத்துக் கேட்டு நட்சத்திரம் போடும். அந்தக் குரலுக்குப் பிள்ளைகள் முதல் நாளே டேப் அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

டேப் அக்கா கோபப்படாதவர். எத்தனை முறை தப்பாகச் சொன்னாலும் "பரவாயில்லை, மீண்டும் முயற்சி செய்வோம்" என்பார். ஆனால் எங்கள் ஊர் வாய் அவருக்குப் பிடிபடவே இல்லை. ஐந்தாம் வகுப்பில் கடகடவென்று வாசிக்கிற பையனுக்கும் ஒரே ஒரு நட்சத்திரம். தலைமை ஆசிரியர் இது என்ன கூத்து என்று தானே உட்கார்ந்து இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார். பரவாயில்லை, மீண்டும் முயற்சி செய்வோம் என்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி வாசித்தார். அதே பதில். முப்பது வருடம் பாடம் நடத்திய மனிதர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். நான் வாசித்தபோது "சற்று மெதுவாகப் பேசவும்" என்று வந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இப்படி இருந்த பள்ளியில் ஒரு மாதத்துக்குள் நட்சத்திரம் கொட்ட ஆரம்பித்தது. முதலில் கணக்கில் எல்லோருக்கும் ஐந்து. பிறகு வாசிப்பிலும் ஐந்து. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இருபத்து மூன்று பேருக்கும் ஐந்து. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம், டேப் வந்த பிறகு கூடத்தில் சத்தம் அடங்கியிருந்தது. இருபது வருடத்தில் அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து வருகைப் பதிவு, சத்துணவுக் கணக்கு என்று மேலிடம் கேட்கிற விவரங்களையெல்லாம் போனில் ஏற்றிக்கொண்டிருப்பேன். அதற்குள் சிக்னல் போய்விடும். போன், டேப் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு தலைமை ஆசிரியர் இரண்டாவது வளைவுக்கு நடப்பார். அங்கேதான் சிக்னல். அங்கேதான் குரங்குகளும். பையில் பழம் இல்லை என்று குரங்குகளை நம்பவைப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

போடியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மலையடிவாரப் பள்ளியில் இது எப்படிச் சாத்தியமானது என்று சொல்லச் சொன்னார்கள். நான் சொன்னேன். பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட வேண்டும், அதிகம் குறுக்கிடக் கூடாது என்று பதினைந்து நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள். நான் மூலையில் உட்கார்ந்து விவரம் ஏற்றிக்கொண்டிருந்ததற்கு இவ்வளவு பெரிய தத்துவம் இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

இரண்டு மாதம் முடிந்தது. சொன்ன சொல் தவறாமல் அந்த அம்மா வந்து நின்றார். நான் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கிளி படத்தைத் தொட்டு, அவர் மகளின் நட்சத்திரங்களைக் காட்டினேன். வாசிப்பில் அவள்தான் பள்ளிக்கே முதல். ஐந்து நட்சத்திரத்துக்குமேல் ஒரு கிரீடம் வேறு. அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்குப் படிக்கத் தெரியாது. கிரீடம் தெரியும்.

உடனே பைக்குள் கையை விட்டு மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்தார். சிலமலையில் இருக்கும் அவர் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து.

"நேர்ல வந்து வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடல டீச்சர். ஜீப்புல குடுத்து விட்டிருக்கான். கூடப் பொறந்தவளுக்கு ஜீப்புல வருது பத்திரிக. மேல யார்கிட்டயும் காட்டல. காட்டுனா நேர்ல கூப்பிடலங்கிறதையும் சேத்துல்ல பேசுவாளுக. ஆத்தா, நீ வாசி, என்ன போட்டிருக்கான்னு பாப்போம்."

பெண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கினாள். தலைகீழாகப் பிடிக்கவில்லை. மேலே தங்கநிறத்தில் பிள்ளையார் இருந்ததால் அந்தச் சிக்கல் இல்லை. அவள் பிள்ளையாரின் காதைத் தொட்டாள். காத்திருந்தாள். மறுபடி தொட்டாள். இன்னொரு காதையும் தொட்டுப் பார்த்தாள். விரலை அழுத்தி வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், இது ஆன் ஆகல."

"சார்ஜ் போட்டுப் பாரு" என்றார் தலைமை ஆசிரியர், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. "நீயே வாசி" என்றேன்.

"அக்கா இன்னும் சொல்லலையே டீச்சர். அக்கா சொன்னாத்தான நான் சொல்ல முடியும்."

அம்மாவின் முகம் மாறுவதை அவளும் பார்த்துவிட்டாள். எப்படியாவது ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, பத்திரிகையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, டேப் அக்காவின் குரலில், ஒரு இம்மி பிசகாமல், "மிகவும் அருமை. அடுத்த பக்கத்துக்குச் செல்வோமா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் டேப்தான் பேசுகிறது என்று சத்தியம் செய்வேன்.

அந்த அம்மா பத்திரிகையை வாங்கி மடித்தார். "எங்கண்ணன் இப்படியெல்லாம் அச்சடிக்க மாட்டான் டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நாளைக்குக் காலையில ஜீப்பு. இவ துணிமணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லிர்றேன்."

நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். தப்பு என்மேல்தான் என்றேன். ஒரு மாதம் கொடுங்கள், இதே பத்திரிகையை இவள் வாசிப்பாள், வாசிக்காவிட்டால் நானே பையைக் கட்டி ஜீப்பில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். அவர் பத்திரிகையையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். அதற்குள் நான் பத்திரிகையை நானே வாசித்துச் சொல்லவா என்று கேட்டேன்.

"நீங்க வாசிச்சா அது நீங்க வாசிச்சது டீச்சர்" என்று சொல்லி அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "விசேசத்துக்கு இன்னும் அஞ்சு வாரம் கெடக்கு. ஒரு மாசங் கழிச்சு வர்றேன், இவ வாசிக்கிறாளான்னு அப்பப் பாப்போம்."

அன்று மதியமே டேப்புகளைக் கொடுத்துவிட்டு, வெளியே போவதுபோலப் போய் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். இருபத்து மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஐந்து டேப்புகள் வட்டத்தில் கைமாறி ஓடின. யானையின் பாடம் திறந்து வருகிறது, யாருடைய படமானாலும் கூட்டல் பையன் கூட்டலை மட்டும் முடித்துப் பக்கத்தில் தள்ளுகிறான். கழித்தல் பெண் கழித்துவிட்டுத் தள்ளுகிறாள். வட்டம் சதுரம் பார்ப்பதற்கென்று இரண்டு ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள். கடைசியில் என் மூன்றாம் வகுப்புப் பெண். அவள் காதைத் தொடுகிறாள், அக்கா சொல்கிறார், அக்காவின் குரலிலேயே திருப்பிச் சொல்கிறாள், ஐந்து நட்சத்திரம். அடுத்தது கிளி. அடுத்தது மயில். அவளைத் தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் இரண்டு மாதமாக ரசித்த அமைதி இதுதான்.

உள்ளே போய்ச் சத்தம் போட்டேன். இது களவு இல்லையா, காப்பி அடிப்பது இல்லையா என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே புரியவில்லை. கழித்தல் பெண்தான் எழுந்து, பொறுமையாக எனக்கு விளங்கவைத்தாள்.

"காய் பொறுக்குற மாதிரித்தான் டீச்சர். எங்கம்மா தோட்டத்து வேல இல்லாதப்ப போடியில பொறுக்கப் போகுமில்ல, பெரிய காயி ஒரு ஆளு எடுக்கும், சின்னது ஒரு ஆளு, வெடிச்சது ஒரு ஆளு. ஒரே ஆளு எல்லாத்தையும் பாத்தா எப்ப டீச்சர் முடியும்?"

போடியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிகளைத் தாண்டித்தான் நான் தினமும் பஸ்ஸுக்கு நடக்கிறேன். உள்ளே பெண்கள் தட்டைச் சுற்றி உட்கார்ந்து இப்படித்தான் பிரிப்பார்கள். இந்தப் பிள்ளைகளின் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு பங்கு அந்த முறையில்தான் வருகிறது. அது வகுப்பறைக்குள் வந்தால் மட்டும் எப்படித் தப்பாகும்? "வெரசா முடிக்கிறதுக்கா பள்ளிக்கூடம்" என்று ஏதோ சொன்னேன். வெரசாக முடித்ததற்குத்தானே டீச்சர் கூட்டத்தில் கை தட்டினார்கள் என்று கூட்டல் பையன் கேட்டான். உட்கார் என்றேன்.

மறுநாள் ஐந்து டேப்புகளிலும் சத்தத்தை அணைத்தேன்.

அந்தப் பெண் அழுதாள். அவள் கோணத்தில் பார்த்தால் நியாயம்தான். பள்ளிக்கே வாசிக்கிறவளாக இருந்தவளை ஒரே நாளில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். தான் வாசிக்கவில்லை என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. யாரோ சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதற்குப் பெயர்தான் வாசிப்பு என்று நம்பியிருந்தாள். நாங்களும் அப்படித்தானே, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆசிரியர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லவைத்து வளர்த்திருக்கிறோம். டேப்பை மட்டும் திட்டி என்ன செய்வது.

நான் பிள்ளைகளின் வழிக்கே போனேன். வட்டத்தைக் கலைக்கவில்லை. காலண்டர் அட்டைகளை வெட்டி எழுத்துகள் எழுதி ஆளுக்கு நாலைந்தாகப் பிரித்துக் கொடுத்தேன். அந்தப் பெண் ஒரு சொல்லை நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். எந்தச் சத்தம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் அட்டையோடு எழுந்து வந்து வரிசையாக நிற்க வேண்டும். நின்றவர்களை அவள் ஒவ்வொருவராகத் தொட்டு வாசிக்க வேண்டும். அவள் காது அபாரமான காது. ஒரு சொல்லை எத்தனை துண்டாக வேண்டுமானாலும் உடைத்துக் கொடுத்தாள். எழுத்து முகங்களைத்தான் மறந்துகொண்டே இருந்தாள். ககரம் வைத்திருந்தவன் ஒருநாள் காய்ச்சல் என்று வராமல் போக, அன்று முழுக்கக் காக்கா, கத்தரிக்காய் எதுவும் நடக்கவில்லை.

நட்சத்திரங்கள் மளமளவென்று சரிந்தன. அவரவர் வேலையை அவரவர் செய்ததில் கூட்டல் பையனுக்குக் கழித்தல் தெரியாது என்பது ஊருக்கே தெரிந்தது. மேலிடத்திலிருந்து போன் வந்தது. அந்தப் பெண்ணின் கிளிக்குப் பக்கத்தில் கிரீடம் போய், "இம்மாணவிக்குச் சிறப்புக் கவனம் தேவை" என்று சிவப்பில் வந்தது. தலைமை ஆசிரியர் இரண்டாவது வளைவிலிருந்து வியர்த்து விறுவிறுத்து வந்து, "கொஞ்சம் சத்தத்தப் போட்டு விடுங்க டீச்சர், நம்ம பேரு கெட்டுப்போகுது" என்றார். முடியாது என்றேன். நான் சொன்ன விதத்தில் அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த நாள் அவரும் வட்டத்தில் வந்து உட்கார்ந்து ஙகரத்தை வாங்கிக்கொண்டார். வேலை குறைவான எழுத்தாகப் பார்த்து வாங்கிக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரே சொல்லை ஐந்தாவது முறையாகத் தவறவிட்டாள். கத்திவிட்டேன். அவள் என்னைப் பார்த்து, டேப் அக்காவின் குரலில், "பரவாயில்லை, மீண்டும் முயற்சி செய்வோம்" என்றாள். எனக்குத்தான் சொன்னாள். நான் வெளியே போய்க் குழாயடியில் நின்று சிரித்தேன். சிரிப்பு நின்றதும் பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது, அவளுக்கு மெய்யெழுத்துகள் பாதிதான் பிடிபட்டிருந்தன.

அந்த அம்மா வந்தது ஒரு திங்கட்கிழமை. ஜீப்பு வாசலிலேயே நின்றது. மேலே போகிற அரிசி மூட்டைகளோடு பெண்ணின் துணிப்பையும் அதில் இருந்ததைப் பார்த்தேன். அவர் பத்திரிகையை எடுத்து மகள் கையில் கொடுத்தார். மடிப்புகளில் கிழிய ஆரம்பித்திருந்தது.

பெண் முதல் எழுத்தில் விரலை வைத்தாள். அந்தக் குரல் வரவில்லை. அவளுடைய சொந்தக் குரல், கரகரவென்று, பாதி மூச்சில் வந்தது. கா. து. காது. கு. த். நின்றாள். காதுகுத்து.

"போன தடவ கடகடன்னு சொன்னா. இப்பத் திக்குறாளே டீச்சர்" என்றார் அம்மா.

"திக்குனா திக்கட்டும். கேளுங்க" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

நாள் வந்தது. கோயில் வந்தது. சிலமலை வந்தது. அண்ணன் பெயர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா தலையை ஆட்டினார். அதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே வாய்வழியாகத் தெரிந்தவை, மகள் சரியாகச் சொல்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஜீப்பு ஹார்ன் அடித்தது. பெண்ணின் விரல் கீழே பொடி எழுத்துக்கு இறங்கியது. அத்தைமார் என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு நிமிடம் ஆனது. அதன்கீழ் முதல் பெயர் அவளுடைய ராசிங்காபுரத்துப் பெரியம்மாவுடையது. அடுத்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். சேர்த்துச் சொன்னாள். நிறுத்தினாள். மறுபடியும் சேர்த்துச் சொன்னாள்.

"அம்மா, இது நீ."

"என்னது நானு?"

"ஒம்பேரு போட்டிருக்கு."

"அவன் போட்டிருக்க மாட்டான். நேர்ல வந்து கூப்பிடாதவன் எம்பேரப் போடுவானா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். பாதியிலேயே மனம் மாறி மகளிடமே திரும்பிக்கொண்டார். "எங்க, காட்டு."

பெண் அம்மாவின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். காயெடுத்துக் கறுத்த விரல். அது அங்கேயே இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். "திரும்பச் சொல்லு" என்றார். சொன்னாள். "இன்னொருக்காச் சொல்லு." இந்த முறை அவள் திக்கவில்லை.

டிரைவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். "வெரசா வாக்கா. ரெண்டு பேருக்கு முன்னால எடம் போட்டு வச்சிருக்கேன்."

"ஒரு எடம் போதும் தம்பி" என்றார் அவர், விரலை எடுக்காமல். "புள்ளையோட துணிப்பைய எறக்கி வச்சுட்டு, அந்த எடத்துல இன்னொரு அரிசி மூட்டைய ஏத்திக்க."